உப்பு: தேவையான அளவு

அரையங்குலம் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தபோது அகப்பை செயலி தன் சாவு அறிவிப்பைக் காட்டியது. ‘அன்புள்ள பயனரே, பத்தாண்டுகள் உங்களோடு சேர்ந்து சமைத்த அகப்பை விடைபெறுகிறது. உங்கள் சமையல் குறிப்புகளின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. ஆகவே அவை அனைத்தையும் நேற்றே பூட்டிவிட்டோம்.’ கீழே ஒரு சிவப்பு இதயம் இருந்தது. அதை அழுத்தினால் இதயம் துடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அவர் தையல்காரர். அரை அங்குலம் பிசகினாலும் முழுக் கால்சட்டையையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பார் என்பதால் தெருவே வைத்த பெயர்தான் அரையங்குலம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு மூத்தவள் ஒரு அக்கா, இருபத்தாறு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். பொய் சொல்கிறவனை மூன்று இருக்கைக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கிற மூக்கும், பிடித்தபின் அவனை உரித்துத் தொங்கவிடுகிற வாயும் அவளுக்கு இருந்தன. ஓய்வு பெற்ற அடுத்த வருடமே இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாடு என்பது நஞ்சோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். உப்பு கூடினால் உடம்பில் நீர் கோக்கும். உருளைக்கிழங்கு கூடினால் இதயம் தாளம் தப்பும். பால், முட்டை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு நல்ல உணவு ஆலோசகர் இருந்தார். அந்த அம்மாள் கணக்குப் போட்டுச் சொல்ல, அரையங்குலம் சின்னத் தராசில் நிறுத்துச் சமைக்க, அக்கா ருசி பார்த்துத் திட்ட, ஆலோசகர் மறுபடி கணக்குப் போட, இரண்டரை வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று குறிப்புகள் உருவாயின. எல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு வேளைக்கு. உருளைக்கிழங்கு அறுபத்திரண்டு கிராம், இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்தது. உப்பு புள்ளி நான்கு கிராம். காகிதத்தில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும், அகப்பையில் போட்டுவையுங்கள் என்று சொன்னவரும் அந்த ஆலோசகர்தான். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார்.

திரையைப் படமெடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சமையல் ரகசியம் கசிந்துவிடும் என்று அகப்பை அதை அனுமதிப்பதில்லை. நினைவிலிருந்து சமைத்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். புள்ளி நான்கு பூசணி சூப்புக்கா முட்டைக்கா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நினைவை நம்பித் துணி வெட்டாதவர் நினைவை நம்பி அக்காவுக்கு உப்புப் போடுவாரா? ஆஸ்பத்திரிக்கு ஓடினார். புதிய ஆலோசகர் ‘தவிர்க்க வேண்டியவை’ என்று இரு பக்கமும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இதில் தவிர்க்கச் சொல்லாதது இந்தத் தாள் ஒன்றுதான், இதை வேகவைத்துக் கொடு என்றாள்.

அரையங்குலம் எல்லாக் காய்களையும் வேகவைத்து, வடித்து, உப்பில்லாமல் தட்டில் வைத்தார். அக்கா கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது சாப்பாடா, அலசிப் போட்ட துணியாடா?”

இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. முதல் வாரக் கடைசியில் அவளுடைய சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. அரையங்குலம் அளவெடுத்துப் பிடித்துத் தைத்தார். முப்பத்து நாலாக இருந்த இடுப்பு முப்பத்தொன்று என்று அளவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

அகப்பை நிறுவனம் சும்மா சாகவில்லை. பயனர்களின் குறிப்புகளை மீட்டுக் கொடுப்பதற்கென்று ‘மீட்பகம்’ என்ற தனித் துறையையே பெற்றுப் போட்டுவிட்டுத்தான் செத்தது. செயலியை நடத்தியபோது அதில் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்களாம். அதை மூடுவதற்கு இருநூற்றுப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். ஐந்தாவது மாடியில் கண்ணாடிக் கதவு, அதில் ‘இங்கே எதுவும் தொலைவதில்லை’ என்று தங்க எழுத்து. உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் தலையில் காகிதத்தில் செய்த சமையல்காரர் தொப்பி அணிய வேண்டும். சமையல் கலைக்குச் செய்யும் மரியாதை என்று விளக்கம் ஒட்டியிருந்தது. காகிதத் தொப்பியோடு நாற்பது பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் டோக்கன் வாங்கச் சொன்னாள். டோக்கன் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். செயலிக்குள் இருக்கிறது என்றாள். செயலி பூட்டியிருக்கிறதே என்றார். ஆமாம், பூட்டைத் திறக்கத்தானே டோக்கன் என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை, பொறுமைதான் இருந்தது. அதுதான் அரையங்குலத்தைப் பயமுறுத்தியது.

பக்கத்து நாற்காலியில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் பதினோரு வாரமாக வருகிறவர், அவருடைய குறிப்புகளை மட்டும் ஒத்திகைக்காக முன்பே பூட்டிவிட்டார்களாம். அவர் மார்பில் ‘மூத்த காத்திருப்பாளர்’ என்ற அட்டையைக் குத்திவிட்டு, புதியவர்களுக்கு உட்காரும் முறையைக் கற்றுக்கொடுக்கப் பணித்திருந்தார்கள். கடையை மூடிவிட்டாராம். அவர் சொல்லிக்கொடுத்தபடி அரையங்குலம் தினமும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பதாவது நாள், டோக்கன் இல்லாமலே ஒன்பது நாள் வந்ததற்கு விளக்கம் கேட்க அவரை உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போவதற்கு அது ஒன்றுதான் வழி என்பதை ரொட்டிக்கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விதிப்படி அவர் அதைச் சொல்லக் கூடாது.

சரிபார்ப்பாளர் இளைஞர், நல்லவர், மேசைமேல் வெளியே இருந்து வரவழைத்த மதியச் சாப்பாட்டுப் பெட்டி. குறிப்புகள் அரையங்குலத்துடையவைதான் என்று உறுதி செய்வதற்கு அவற்றில் இருப்பதையே கேட்பது வழக்கம் என்றார். அரையங்குலத்துக்கு நிம்மதியாக இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றும் நினைவில் இல்லாவிட்டாலும் இருபது குறிப்பாவது கல்லில் வெட்டியதுபோல் மனதில் இருந்தன.

“முப்பத்தேழாவது குறிப்பு. பூசணி சூப். உப்பு எவ்வளவு?”

அதிர்ஷ்டம் பாருங்கள், அதைத்தான் கேட்டார். சூப்புக்கா முட்டைக்கா என்று இத்தனை நாள் குழம்பியது அந்த மேசைக்கு முன்னால் சட்டென்று தெளிந்தது. முட்டைக்கு உப்பே கிடையாது.

“புள்ளி நாலு கிராம்.”

திரை சிவந்தது. ‘பொருந்தவில்லை’ என்று வந்தது. பன்னிரண்டாவது குறிப்பைக் கேட்டார். அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவது முறையும் பொருந்தாததால் ‘பிறர் குறிப்பை உரிமை கோருபவர்’ என்ற பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தொப்பியின் நிறம் மஞ்சள். அரையங்குலம் தொப்பியை மாற்றிக்கொண்டு, அப்படியானால் சரியான அளவுதான் என்ன என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றார் சரிபார்ப்பாளர். ஆனாலும் மனம் கேட்காமல் திரையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்தார். அதில் ‘உப்பு: தேவையான அளவு’ என்று இருந்தது.

“சார், எங்ககிட்ட நாப்பது லட்சம் குறிப்பு இருக்கு. எல்லாத்துலயும் உப்பு தேவையான அளவுதான். உங்களோடதுல மட்டும் நம்பர் இருந்துது. பாவம், கை தவறி அடிச்சிருக்கார்னு பூட்டும்போது நாங்களே திருத்தி வெச்சோம். காட்சிப் பிரதியில மட்டும்தான். மூலப் பிரதியில நீங்க அடிச்சது அப்படியே இருக்கு.”

“அந்த மூலப் பிரதியைக் குடுத்துடுங்களேன்.”

“உரிமையாளருக்குத்தான் குடுக்க முடியும். நீங்க சொன்னது எதுவும் பொருந்தலையே.”

பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தன் வேலைக்கே ஆபத்து வரக்கூடிய ஒரு யோசனையைச் சொன்னார். எதைக் கேட்டாலும் காட்சிப் பிரதியில் இருக்கிறபடி ‘தேவையான அளவு’ என்று சொல்லிவிட வேண்டும். பொருந்திவிடும். பொருந்தினால் உரிமையாளர். உரிமையாளர் என்றால் மூலப் பிரதி அவர் கைக்கு வந்துவிடும். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அரையங்குலம் வீட்டுக்கு வந்தார். தெரிந்த அளவை வைத்துக்கொண்டு தெரியாத மாதிரிச் சொல்ல அவருக்குக் கூசியது.

நாலு வாரம் யோசித்தார். தெளிவாக நினைவிருந்த இருபதையும் சமைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். மூன்று முறை பொருந்தாமல் போனதிலிருந்து தன் நினைவின்மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. திரை சிவந்தது கண்ணுக்குள் நிற்க, தராசின் முன்னால் உட்கார்ந்து உப்பைக் கையில் எடுப்பார், திரும்ப டப்பாவில் கொட்டுவார். சட்டையை இரண்டாம் முறை பிடித்தார், இருபத்தொன்பது. மூன்றாம் முறை இருபத்தாறு. ஊசியைக் குத்தும்போது அக்காவின் விலா கையில் இடித்தது. இனி பிடித்துத் தைக்க இந்தச் சட்டையில் துணி இல்லை என்று அவள் சிரித்தாள். அவர் அன்றே தொப்பியை மாட்டிக்கொண்டு சரிபார்ப்பாளர் முன்னால் உட்கார்ந்தார்.

“உப்பு எவ்வளவு?”

“தேவையான அளவு.”

திரை பச்சையானது. ‘பொருந்தியது.’

உப்பு முடிந்து உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு முடிந்து பால். ஒன்பதாவது குறிப்பில் சரிபார்ப்பாளருக்குச் சலித்துவிட்டது. அவருக்குச் சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாக் குறிப்புகளிலும் எல்லாப் பொருள்களுக்கும் அளவு ‘தேவையான அளவு’தான் என்று ஒரே உறுதிமொழியாக எழுதி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். அரையங்குலம் வாழ்க்கையில் முதல்முறையாக அளக்காமல் ஒன்றைச் சொல்லியிருந்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் மனதுக்குள் அன்று மாலைக்கே சூப் வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து மீட்பகத்தின் தலைவரே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய பதவிக்குப் பெயர் தலைமை நினைவுக் காவலர். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார், புகைப்படக்காரர் படமெடுத்தார். அரையங்குலம் நின்றபடியே முப்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். பூசணி தேவையான அளவு. பால் தேவையான அளவு. உப்பு தேவையான அளவு. வேகவைக்கும் நேரம் தேவையான அளவு. பரிமாறும் எண்ணிக்கை தேவையான பேருக்கு. அவசரமாகப் புரட்டினார். நூற்று நாற்பத்து மூன்று பக்கத்திலும் ஒரு எண் இல்லை, பக்க எண்ணைத் தவிர.

மூலப் பிரதி எங்கே என்று கேட்டார்.

“நீங்களே கைரேகை வெச்சு உறுதிமொழி குடுத்திருக்கீங்க,” என்றார் காவலர், குழந்தைக்குச் சொல்கிற குரலில். “அப்ப அதுல வேற நம்பர் இருந்தா, அது தப்பான பிரதிதானே? தப்பான பிரதியை வெச்சிருக்கறது எங்களுக்கு அழகில்லை. நேத்தே அழிச்சிட்டோம். பத்து வருஷத்துல நாங்க ஒரு குறிப்பைக்கூடத் தொலைச்சதில்லை சார். அளவு தொலையும், அது பயனருடைய பொறுப்பு. குறிப்பு தொலையாது.”

“எங்க அக்கா என்ன சாப்பிடறது?”

“அது பயன்பாடு. நாங்க பாதுகாப்பு.”

பிறகு கோப்பைப் புரட்டியவர், தொழில் என்ற இடத்தில் தையல் என்று இருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனார். ஆறு வாரம் கழித்து மீட்பு விழா வருகிறது, முதல் மீட்பே அரையங்குலத்துடையதுதான், மேடையேறும் பன்னிரண்டு அதிகாரிகளுக்கும் வெள்ளைக் கோட்டு அவர் கையாலேயே தைத்துத் தர வேண்டும் என்றார். அரையங்குலம் பழக்கதோஷத்தில் அளவு கேட்டார். காவலர் அடுத்த கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தேவையான அளவு.”

அக்கா புத்தகத்தை மடியில் வைத்து, ஒரு டிக்கெட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேவையான தூரத்துக்கு ஒரு டிக்கெட் குடு என்று எவனாவது கேட்டிருந்தால் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன் என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். எலும்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளை மதியம் முப்பத்தேழாம் பக்கம் வைக்கச் சொன்னாள், கூடவே உருளைக்கிழங்கும் முட்டையும். அவர் அளவு என்ன என்று ஆரம்பித்தார்.

“உப்பு டப்பாவை இப்படிக் குடு. எனக்குத் தேவையான அளவு எனக்குத் தெரியாதாடா?”

மறுநாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டாள். ரெண்டு தட்டு சாப்பிட்டாள். கிழங்கை மென்றபோது கண்ணை மூடிக்கொண்டாள். முழுசாக ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக. அரையங்குலம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னை அவர் கடைசிவரை மன்னிக்கப் போவதில்லை.

அடுத்த நாள் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அதற்கு மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் அக்கா செத்துப்போனாள்.

கோட்டுகளைக் குறித்த நாளில் தைத்துக் கொடுத்தார். எடுத்த வேலையை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். அளவுப் புத்தகத்தில் கடைசியாக இருந்த அளவு எதுவோ அதற்கே பன்னிரண்டையும் வெட்டினார். அரை அங்குலம்கூடப் பிசகவில்லை.

விழா மேடைக்குப் பின்னால் பன்னிரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டார்கள். நேரமாகிவிட்டதால் கழற்றவும் முடியவில்லை. தலைமை நினைவுக் காவலர் இரண்டு கையும் விறைத்து நிற்க, கைது செய்யப்படுகிறவர் போல மேடையேறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினார். மக்கள் தங்கள் நினைவுகளை எங்களிடம் ஒப்படைத்தார்கள், அவற்றை மக்களிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறோம் என்றார். கூட்டம் கைதட்டியது. மூத்த காத்திருப்பாளர் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று கையசைத்துக் காட்டினார். மூன்றாவது பொத்தான் தெறித்து முன்வரிசையில் விழுந்தபோது காவலர் பேச்சை முடித்துக்கொண்டு அரையங்குலத்தை மேடைக்கு அழைத்தார். இது யார் அளவு என்று ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு கேட்டார்.

“எங்க அக்கா அளவு. இடுப்பு இருபத்தாறு.”

“இவ்வளவு ஒல்லியா?”

“முப்பத்து நாலு இருந்துது. ஏழே வாரத்துல இப்படி ஆயிட்டாங்க.”

காவலர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. கையைத் தூக்க முடியாததால் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

“அப்படி என்ன சாப்பிட்டாங்க?”

“நீங்க விட்டு வெச்சதை,” என்றார் அரையங்குலம். “செத்துப்போயிட்டாங்க சார்.”

மூத்த காத்திருப்பாளர் கையசைத்திருந்தார். கைதட்டலில் கடைசி வாக்கியம் காவலருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது, அதற்கு வேறு துறை என்று விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அதே புத்தகம்தான், அட்டை மட்டும் புதிது. ‘ஏழு வாரத்தில் எட்டு அங்குலம்: இடை மெலிய 143 சமையல் குறிப்புகள்.’ உள்ளே முதல் பக்கத்தில், நேரில் பயன்படுத்தி நலம் பெற்ற ஒரு சகோதரிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நாடெங்கும் நல்ல வரவேற்பு என்றும், இரண்டாம் பதிப்புக்காகச் சகோதரியின் முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும் கடிதம் சொன்னது. கூடவே செயலியில் நிரப்ப வேண்டிய படிவம். அகப்பையை மறுபடி உயிர்ப்பித்துவிட்டார்களாம். சிவப்பு இதயம் இப்போது அழுத்தாமலே துடித்தது.

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘பயனடைந்தவரின் தற்போதைய இடுப்பளவு?’

அரையங்குலம் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தார். சுவரோரம் அக்காவின் சட்டை இன்னும் மாட்டியிருந்தது, மூன்று தடவை பிடித்த தையலோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘தேவையான அளவு’ என்று அடித்து அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. பச்சை எழுத்தில்.

‘பொருந்தியது.’